செட்டுன்னா மாத்துகதாக்கும்

நாகர்கோவில் செட்டிக்குளம் பக்கம் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் வியாபாரி ஒருவருக்கு எடை பதியும் வெப் ஆப் செய்து கொடுத்திருந்தோம். ஒரு மழைநாள் காலையில் போன் செய்தார். "எடை ஏறமாட்டேங்கு. திரும்பத் திரும்ப லாகின் கேக்கு."

சர்வர் லாகில் 401, அதாவது 'நீ யாரென்று சரியாகக் காட்டவில்லை' என்ற மறுப்பு, வரிசைகட்டி நின்றது. ஒவ்வொரு கோரிக்கையோடும் ஹெடர் என்று சில குறிப்புகள் போகும். அனுப்புபவர் யாரென்று காட்டும் ஆத்தரைசேஷன் ஹெடரில் டோக்கன் (லாகின் செய்ததற்கான அனுமதிச் சீட்டு) இரண்டு: பழையது, ஒரு கமா, அப்புறம் புதியது. நான் எழுதிய ஃபங்ஷன் கையிலிருக்கும் டோக்கனை வைக்கும்; அது காலாவதியாகியிருந்தால் புதியதை வாங்கி, அனுப்புவதற்கு முன் மறுபடி வைக்கும். பிரவுசரிலிருந்து சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் பழைய வழியான எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்டில், ஹெடரை வைப்பதற்கு செட்ரிக்வெஸ்ட்ஹெடர் என்று பெயர் இருக்கிறதே தவிர, இரண்டாம் முறை அழைத்தால் அது பழையதை அழிக்காது. கமா போட்டுப் பின்னால் ஒட்டிவிடும்.

"செட்டுன்னா மாத்துகதாக்கும்னு நெனச்சேன் அண்ணே" என்றான் பக்கத்து சீட் தம்பி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.

ஒட்டுவதே தப்பு என்று சொல்ல முடியாது. என்ன வகைப் பதில் வேண்டும் என்று சொல்லும் அக்செப்ட் ஹெடரில் பல மதிப்புகள் கமாவோடு வரலாம். ஆத்தரைசேஷனுக்கு அது ஆகாது. அதே வேலைக்குப் பின்னால் வந்த புது வழியான ஃபெட்ச்சின் ஹெடர்ஸில் செட் மாற்றும், அப்பெண்ட் சேர்க்கும். கோரிக்கை அனுப்ப நாங்களே எழுதி வைத்திருக்கும் லைப்ரரியிலும் அந்த இரண்டு பெயர்களையே வைத்தோம்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் அதே கமா இன்னொரு வழியாக வந்தது. ஹெடர்களை, பெயரும் (கீ) மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் சாதா ஆப்ஜெக்டில் வைத்திருந்தேன். ஆத்தரைசேஷன் என்ற ஆங்கிலப் பெயர் ஒரு இடத்தில் பெரிய ஏ, இன்னொரு இடத்தில் சின்ன ஏ. ஹெடர் பெயருக்கு அந்த வித்தியாசம் கிடையாது. ஆப்ஜெக்டின் கீக்கு உண்டு. அதனால் ஆப்ஜெக்டில் இரண்டாக நின்றது, அனுப்பும்போது கமாவோடு ஒன்றானது. வெப்பின் தகவல்தொடர்பு நெறியான எச்டிடிபியின் 2-ஆம் பதிப்பில் பெயர்கள் சின்ன எழுத்தில்தான் போகும். நாங்களும் வாங்கும்போதே சின்ன எழுத்தாக்கிவிடுகிறோம்.

ஹோஸ்ட், கன்டென்ட்-லெங்த் போன்றவற்றை பிரவுசரே பார்த்துக்கொள்ளும். நாம் வைத்தால் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எதுவும் வராது, சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். எங்கள் லைப்ரரி அங்கே எரர் வீசும். தம்பிக்கு இது அதிகப்படி. முன்பு ஒருமுறை, போகாத ஹெடரை அரைநாள் தேடியவன் நான், அவன் இல்லை.

போன வாரம் அவன் கேட்டது: "செட்டுக்குக் காலி ஸ்ட்ரிங் குடுத்தா, ஹெடரை எடுக்கதா, காலியா அனுப்புகதா?" காலி மதிப்போடு ஹெடர் போகலாம், அது செல்லுபடிதான். எடுப்பதற்கு டெலீட் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தோம்.