டைனோசர் பூங்காவின் சிறு நடைபாதைகள்

கனடாவின் கால்கரி நகரில் குடியேறும் தமிழ்க் குடும்பத்திடம் ஊர் சுற்றிப் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், மேற்கே பான்ஃப் மலைகளைத்தான் கை காட்டும். கிழக்கே இரண்டரை மணி நேரத் தொலைவில், புரூக்ஸ் நகரைத் தாண்டி, டைனோசர் மாகாணப் பூங்கா இருப்பதைப் பலர் ஆண்டுக்கணக்கில் கவனிப்பதே இல்லை. எங்களுக்கோ இந்த நாட்டில் மனத்துக்கு முதலில் நெருக்கமானது அந்த வறண்ட பூமிதான். நான் திருச்சிப் பக்கத்தைச் சேர்ந்தவன் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் மழைநீர் அரித்து வரி வரியாகப் பிளந்த மண்மேடுகளைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். அவையும் டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தவையே, ஆனால் அங்கே கிடைப்பவை கடலில் வாழ்ந்த, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளின் எச்சங்கள்.

கோதுமை வயலும் மேய்ச்சல் நிலமுமாகத் தட்டையாகக் கிடக்கும் சமவெளியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பூங்காவின் வாசலருகே நிலம் திடீரெனச் சரிந்து, ரெட் டீர் ஆற்றின் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணெதிரே விரிகிறது. பனியுகத்தின் முடிவில் உருகிய வெள்ளம் அறுத்துக்கொண்டு போன பள்ளம் இது. அது வெட்டித் திறந்துவிட்ட பாறை அடுக்குகள் சுமார் 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன், இப்பகுதி வெப்பமான கடலோரச் சமவெளியாக இருந்தபோது படிந்தவை. 40-க்கும் மேற்பட்ட டைனோசர் இனங்களின் எச்சங்களைத் தந்த இவ்விடத்தை யுனெஸ்கோ 1979-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பூங்காவின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட இடம். வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே போக முடியும். நாமாக நடக்கக்கூடிய பாதைகள் சிலவே, அவற்றில் எதுவும் ஒன்றரைக் கிலோமீட்டரை எட்டுவதில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுவே நிறையாகத் தெரிகிறது. 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள பேட்லேண்ட்ஸ் பாதையை வேகமாக நடந்தால் அரை மணிக்குள் முடித்துவிடலாம், ஆனால் அங்கே நடப்பதைவிடக் குனிந்து பார்ப்பதுதான் வேலை. காய்ந்த சரிவுகளின் மேற்பரப்பு பொரி பரப்பியதுபோல் சிறு சிறு உருண்டைகளாக வெடித்திருக்கிறது. பழங்கால எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான பெண்டோனைட் களிமண் நனையும்போது உப்பி, காயும்போது சுருங்குவதால் வரும் கோலம் அது. அதன் மேல் துருநிற இரும்புக்கல் துண்டுகள் சிதறிக் கிடக்க, அவற்றினிடையே எலும்பைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். உடைந்த விளிம்பில் நுண்ணிய துளைகள் தெரிந்தால் எலும்பாக இருக்க வாய்ப்புண்டு. வழவழப்பாக ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் கல்தான்.

எலும்பென்று தெரிந்தாலும் எடுக்கக் கூடாது. கிடந்த இடத்திலேயே விட்டு, படம் பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு ஊழியர்களிடம் சொல்ல வேண்டும் என்பதே விதி. எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி போய்விட்டால், ஆய்வாளருக்கு அந்த எலும்பின் மதிப்பில் பாதி போய்விடும். என் மகள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இப்போது வருகிற விருந்தினர்களை அதட்டுபவள் அவள்தான்.

கூலி வியூபாயிண்ட் (Coulee Viewpoint) பாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவானது என்றாலும் ஏற்றம் செங்குத்தாக இருப்பதால் மூட்டுவலிக்காரர்களுக்கு ஏற்றதன்று. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஆற்றோரத்துக் காட்டன்வுட் பாதைக்கே அழைத்துப் போனோம். சமதளம், நிழல், பறவைகள். காட்டன்வுட் மரங்களின் கன்றுகள் முளைக்க ஆற்று வெள்ளம் கொண்டுவந்து போடும் ஈர மண் தேவை என்பதால், அவற்றைப் பள்ளத்தாக்கின் மேட்டில் காண முடியாது.

கோடையில் போவதானால் காலையிலேயே கிளம்புவது நல்லது. வெளிறிய பாறைகள் வெயிலைத் திருப்பி அடிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். சப்பாத்திக்கள்ளியும் ராட்டில் பாம்பு என்ற நச்சுப் பாம்பும் உள்ள இடமாதலால் வெறும் செருப்பு போதாது, பாதத்தை மூடும் காலணி வேண்டும். மழை பெய்திருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்: ஈரமான பெண்டோனைட்டில் கால் நிற்காது, காலணியில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டி எடுக்கவே ஒரு பொழுது போய்விடும்.