விமானம் இல்லாத விமானத் தொழிற்சாலை

போர்க்காலத்தில் விமானம் செய்த இடம் என்று சொல்லித்தான் பையனைக் கிளப்பினேன். சிங்கப்பூரின் ஹியூம் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குள் ஒரு சுற்று வருவதற்குள், "எங்கேப்பா பிளேன்?" என்று ஆரம்பித்துவிட்டான். கூட வந்த எதிர்வீட்டு அங்கிள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். "அதெல்லாம் அப்பவே பறந்து போச்சு தம்பி" என்று சிரித்தார்.

நிஜமாகவே அப்படித்தான். 1941இல் கார் தயாரிக்கக் கட்டிய ஆலை இது. போர் வந்ததும், பாகம் பாகமாக வந்திறங்கிய போர் விமானங்களை பிரிட்டிஷ் விமானப்படைக்காக இங்கே பொருத்தினார்கள். 1942 ஜனவரி கடைசியில் அவற்றைச் சிங்கப்பூரை விட்டே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிப்ரவரி 15 அன்று இதே கட்டடத்தில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்டார். ஊரைக் காக்க விமானம் பொருத்திய கூரைக்கடியிலேயே ஊரைக் கொடுத்திருக்கிறார்கள்! கையெழுத்துப் போட்ட மேசையின் அசல் கான்பராவில் இருக்கிறது. இங்கே நகல்தான்.

விமானம் இருந்தவரை மட்டும் என்ன கிழித்தது? அப்போது இங்கிருந்த பஃபலோ அமெரிக்கத் தயாரிப்பு, தொந்தி வைத்த குட்டை விமானம். ஏறுவதிலும் திரும்புவதிலும் ஜப்பான்காரர்களின் ஹயபுசா போர் விமானத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பஃபலோவைவிட மேலான ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானம் பெட்டிகளில் வந்து சேர்ந்தபோது 1942 பிறந்துவிட்டது. காரியம் கைமீறியிருந்தது.

முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 8, விடிவதற்கு முன். தெருவிளக்கைக்கூட அணைக்கவில்லை. அன்று 61 பேர் செத்தார்கள். அங்கிளின் அம்மா அப்போது சின்னப் பெண். ஏதோ ஒத்திகை என்று நினைத்து, வீட்டில் எல்லாரும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்களாம்.

அன்றைக்கு மதியம் ஓல்டு ஏர்போர்ட் ரோடு உணவங்காடிக்குப் போனோம். தட்டும் கையுமாக இடம் தேடி உட்கார்ந்ததும் அங்கிள் பாடத்தைத் தொடர்ந்தார். எந்த ஏர்போர்ட்டுக்கு இந்தப் பெயர் தெரியுமா என்று கேட்டார். 1937இல் திறந்த காலாங் விமான நிலையமாம். போரின்போது பஃபலோக்களும் ஹரிக்கேன்களும் அங்கிருந்துதான் கிளம்பின. அதன் பழைய கட்டடம் இன்னமும் நிற்கிறது. சிலேத்தாரிலும் தெங்காவிலும் விமானத்தளங்கள் இருந்தன, இரண்டிலும் முதல் நாளே குண்டு விழுந்தது.

நம்மில் பெரும்பாலோருக்குச் சிங்கப்பூர் என்றால் முதலில் சாங்கி விமான நிலையம்தான். பெட்டியும் ஊறுகாய் பாட்டிலுமாக வந்திறங்கிய அந்த இடத்தில், முதன்முதலில் விமான ஓடுதளம் போட்டது ஜப்பான்காரன் காலத்துப் போர்க்கைதிகள். அரைவயிற்றுச் சாப்பாட்டில், மண்வெட்டியும் கூடையுமாக, 1943, 44இல் சதுப்பை நிரவியிருக்கிறார்கள்.

பையனுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. போரில் இறந்தவர்களுக்கான கிராஞ்சி நினைவகத்தின் கூரை விமான இறக்கை மாதிரியே இருக்கும் என்று அங்கிள் ஆசை காட்டியிருக்கிறார். அடுத்த ஞாயிறு அங்கே. நீங்களும் போவதானால் பசியாறிவிட்டுக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். திறந்த மேடு, வெயில் பிளக்கும்.