வலிக்காத காலோடு எட்டு வாரம்

புழுக்கள் நான்காம் தோலுரிப்பு முடித்து எழுந்த இரண்டாம் நாள் அது. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு ஏழு நாளைக்குப் புழுவுக்கு அடங்காத பசி. நமக்கு உட்கார நேரம் இருக்காது. மல்பெரிக் கிளைகளைக் கட்டுக்கட்டாக அறுத்து வந்து பரப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த என் மனைவி, "என்னங்க, இது யாருடைய ரத்தம்?" என்றாள். சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து வெளுத்திருந்த சிமெண்டுத் தரையில், வாசலிலிருந்து நான் நின்ற இடம் வரை அடிக்கு ஒரு சிவப்புப் பொட்டு. காலைத் தூக்கிப் பார்க்கும்வரை எனக்கு ஒன்றுமே தெரியாது.

வலது கட்டைவிரலின் அடியில், நான் மாதம் ஒருமுறை பிளேடால் சீவிவந்த கால் ஆணி பிளந்திருந்தது. உள்ளே, கவாத்து செய்த மல்பெரிக் கட்டையின் சிராய் ஒன்று. ஒரு விரற்கடை நீளம். அது எப்போது குத்தியது, அதன் மேல் எத்தனை நாள் நடந்தேன் என்பது இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். எனக்கு வயது 54, சர்க்கரை வந்து 11 ஆண்டு. மாத்திரையைத் தவறவிட்டவன் அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதன்பின் மாத்திரை வீடு தேடியே வந்தது. வந்த பெண்ணிடம் கையை நீட்டினேன், ரத்த அழுத்தம் பார்க்கக் காட்டினேன். காலை மட்டும் காட்டவில்லை. அதில் காட்ட ஏதாவது இருப்பதாகவே தோன்றவில்லை. வலித்தால்தானே காட்டத் தோன்றும்?

அடுத்த 12 நாளை நான் இழந்தேன். அருகில் இருந்த ஒரு மருத்துவமனையில் கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்தார்கள். காலை ஊன்றாதீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கட்டுப் போட்ட காலோடு நடந்தே வீட்டுக்கு வந்தேன், நின்றே இலை போட்டேன், கூடு அறுத்தேன், தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோய் விற்றும் வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அருகில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அன்று இரவே என் மகன் தருமபுரியில் பாதப்புண் பார்க்கும் மருத்துவரிடம் முன்பதிவு செய்துவிட்டான்.

அந்த மருத்துவர் அம்மா முதலில் புண்ணைப் பார்க்கவில்லை. இன்னொரு செருப்பையும் கழற்றச் சொல்லி, இரண்டு பாதத்தையும் ஒரு பலகைமேல் சேர்த்து வைத்துப் பார்த்தார். இடது காலிலும் அதே இடத்தில் ஆணி. இரண்டு காலிலும் விரல்கள் கொக்கிபோல மடங்கியிருந்தன. "புண் ஒரு காலில்தான் இருக்கிறது. அதன் காரணம் இரண்டிலும் இருக்கிறது" என்றார்.

பிறகு கண்ணை மூடச் சொன்னார். நைலான் இழை ஒன்றால் தொடுவேன், தொட்டதும் "ஆம்" என்று சொல்லுங்கள் என்றார். முதலில் முன்கையில் தொட்டுக் காட்டினார்; தெளிவாகத் தெரிந்தது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை அது. பாதத்தில் தொடங்குவார் என்று காத்திருந்தேன். நெடுநேரம் காத்திருந்துவிட்டு, "தொடங்கலாமா அம்மா?" என்று கேட்டேன். "முடித்துவிட்டேன் ஐயா" என்றார். கண்ணைத் திறந்தபோது என் மகன் சன்னல் பக்கம் திரும்பி நின்றான். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்தார். அந்த அதிர்வும் தெரியவில்லை.

ரத்த ஓட்டத்தைப் பார்க்கக் கையிலும் கணுக்காலிலும் அழுத்தம் அளந்து வகுத்தார். 0.9-க்குக் கீழே போனால் கால் குழாயில் அடைப்பு இருக்கிறது என்று கணக்கு. எனக்கு 0.94. குழாயில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும் என்பதால், டாப்ளர் கருவியில் ரத்தம் ஓடும் ஓசையையும் தனியே கேட்டார். "பீடி எத்தனை?" என்றார். நாளுக்கு ஒரு கட்டு என்றேன். "எல்லையில் நிற்கிறீர்கள்" என்றார். அன்றோடு விட்டேன்.

புண்ணுக்குள் மழுங்கிய கம்பியை விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்த்தார். தட்டவில்லை. எக்ஸ்ரேயிலும் எலும்பு சுத்தம். அங்கே எலும்பு தட்டியிருந்தால் கிருமி எலும்புக்கும் போயிருக்கலாம், என் கதை வேறு.

எனக்குப் புரிந்த அளவில் காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் "சர்க்கரை ஏறினால் புண் வரும்" என்று மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சர்க்கரை மூன்று வகை நரம்பையும் கெடுக்கிறது. உணர்வு நரம்பு போனால் வலி போகிறது. தசையை இயக்கும் நரம்பு போனால் பாதத்தின் சிறு தசைகள் வற்றி, விரல் மடங்கி, விரலடி எலும்பு கீழே துருத்துகிறது. நடக்கும்போது உடலின் எடை அந்த ஒரே இடத்தில் விழுகிறது. வியர்வையைச் சுரக்கவைக்கும் நரம்பு போனால் தோல் காய்ந்து வெடிக்கிறது. அழுத்தம் விழும் இடத்தில் தோல் தன்னைக் காக்கத் தடிக்கிறது, அதுதான் ஆணி. ஆனால் அந்த ஆணியே செருப்புக்குள் கிடக்கும் கல்லைப்போல உள்ளே அழுத்தி, அடிச்சதையை நசுக்கி, ரத்தம் கட்டவைக்கிறது. என் புண் சிராய் குத்துவதற்கு முன்பே உள்ளே தொடங்கியிருக்கலாம் என்றார். அதை நான் பிளேடால் சீவியிருக்கிறேன். வளர்ப்பு மனைக்குள் வெளிச்செருப்பு கூடாது என்பதால் ஆண்டுக்கணக்கில் வெறுங்காலோடு நின்றிருக்கிறேன். வாசலில் பிளீச்சிங் கரைசலில் நனைத்த மிதிசாக்கு, உள்ளே சுண்ணாம்பு, இரண்டும் காய்ந்த தோலை மேலும் காயவைத்திருக்கின்றன. தீர்த்தமலைக்கு வெறுங்காலோடு ஏறுவதை வேண்டுதலாக வைத்திருந்தேன், பாறை சுடவில்லை என்று பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். எதுவும் சுடாமல் போனது அருள் அல்ல என்று அந்த அறையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 10.6. இன்சுலின் தொடங்கினார்கள். களி தின்பவனுக்குச் சர்க்கரை ஏறாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. கேழ்வரகும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம் என்று சொல்லி இரண்டு உருண்டையை ஒன்றாகக் குறைத்தார்கள்.

செத்த தோலையும் ஆணியையும் வெட்டி எடுத்து, ஒரு வாரம் கிருமிக்கு மருந்து கொடுத்து, சீழ் நின்றதும் மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு முறிவுக்குப் போடுவதுபோல அல்ல. பாதம் முழுவதும் ஒட்டிப் படியும்படி போட்டு, எடையைப் பாதம், கால் எங்கும் பரப்பிவிடுவது. கட்டுப் போட்டவர் ஒரு செய்தி சொன்னார். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர் வேலூரில் தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்தவர். அந்தப் புண்களுக்குக் காரணம் அழுகிய சதை அல்ல, வலி உணர்வு போன காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம் என்று காட்டியவர் அவர். இதே கட்டை அவர்களுக்குப் போட்டு ஆற்றினார். நமக்கு இத்தனை அருகில் நடந்த வேலை, என் பாதம் வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தபோது கண் கலங்கியது.

முதல் கட்டை மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தார்கள், பிறகு வாரம் ஒருமுறை. எட்டு வாரம். அதற்குள் அடுத்த தொகுதி புழு வந்துவிட்டது. முட்டைக்கு முன்பணம் கட்டியாயிற்று, நிறுத்த முடியாது. மனைவியும் மகனும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இலை அறுத்தார்கள். நான் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, இலை விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வலி இல்லாத காலை ஊன்றாமல் வைத்திருப்பதுதான் இந்த நோயில் மிகக் கடினமான வேலை. உடம்பு ஒருமுறைகூடத் தடுக்காது. ஒருநாள் மழை வந்து இலைக்கட்டு நனைந்தபோது எழுந்து ஓடிவிட்டேன். மனைவி எதுவும் பேசவில்லை. இலைக்கட்டை என் தோளிலிருந்து வாங்கி இறக்கிவிட்டு, வாசலில் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு ஓடவில்லை.

புண் மூடியதும் எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பர் செருப்பு எழுதிக் கொடுத்தார்கள். மெத்தென்ற கறுப்பு ரப்பர், விரலிடுக்கில் வார் இல்லை, பின்னால் பட்டை, ஆணி அடிக்காமல் ஒட்டியது. அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனபோது ஒரு பெரியவர் மெதுவாக நகர்ந்து உட்கார்ந்தார். தொழுநோயாளிகளுக்குக் கொடுக்கும் செருப்பு என்று பார்த்திருக்கிறார். கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. அந்தச் செருப்பை இத்தனை ஆண்டு போட்டு நடந்தவர்களைப் பார்த்து நாமெல்லாம் இப்படித்தானே நகர்ந்திருக்கிறோம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, அடிப்பாகத்தை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது.

இரண்டு ஜோடி வாங்கினேன். ஒன்று வளர்ப்பு மனைக்குள் மட்டும். வாசலில் கழுவிக் காயவைத்தே உள்ளே போடுகிறேன். புழுவுக்கு நோய் வரவில்லை. இரவு படுக்கும் முன் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்க்கிறேன். எனக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும், அதனால் மனைவி டார்ச் அடித்து அவளும் ஒருமுறை பார்க்கிறாள். போடும் முன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டுகிறேன். குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் பார்க்கிறேன். விரலிடுக்கைத் துடைத்துவிட்டுப் பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய், இடுக்கில் மட்டும் இல்லை.

நரம்பு திரும்பி வரவில்லை. அந்த நைலான் இழை இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை புண் வந்து ஆறிய கால்தான் எல்லாக் காலிலும் ஆபத்தானது, 100 பேரில் சுமார் 40 பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் வருகிறது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். போன வாரம் போனபோது வலது கால் நன்றாக இருந்தது. இடது காலில் ஆணியின் நடுவே கடுகளவு கறுப்புப் புள்ளி. உள்ளே ரத்தம் கட்டத் தொடங்கியிருந்தது. சீவி எடுத்து, செருப்பின் உள்தகட்டில் அந்த இடத்துக்கு நேராகக் குழி வெட்டிக் கொடுத்தார்கள். இந்த முறை இரண்டு மாதம் வேண்டாம், இரண்டு வாரத்தில் வாருங்கள் என்றார்கள். வரும் செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.