சித்தி கேட்ட லிங்க்கும் நாங்க மூணு பேரும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கும்பகோணத்துலேருந்து சித்தி போன். "ஏன்டா, எப்பவோ ஒரு பழைய சமையல் புத்தகம் அனுப்பினியே, பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணது, அதுல பாட்டி வைக்கிற மாதிரியே ஒரு வத்தக்குழம்பு போட்டிருந்தான், அத திருப்பி அனுப்பு"ன்னாங்க. ரெண்டு நிமிஷத்துல அனுப்புறேன் சித்தின்னு சொல்லிட்டு வாட்ஸ்அப்ப தொறந்தவன்தான், மத்தியானம் சாப்பாட்டுக்கு கூப்பிடுற வரைக்கும் எந்திரிக்கல.

பிரச்சனை என்னன்னா நான் அனுப்புற எல்லா லிங்க்குக்கும் மேல எழுதுறது ஒரே வரிதான், "சித்தி இதப் பாருங்க". தேடினா வரிசையா அதேதான் வந்து நிக்குது. சரி, குடும்ப குரூப்ல போட்டிருப்பேனோன்னு அங்க போனா, மாமா எப்பவோ மெசேஜ் எல்லாம் 90 நாள்ல தானா அழியிற மாதிரி செட் பண்ணி வச்சிருக்காரு, போன்ல இடம் அடைக்குதாம். சரி குரோம்ல டேப் தொறந்து கெடக்கும்னு பாத்தா, நூறு டேப் தாண்டினா போன்ல எண்ணிக்கைக்கு பதிலா சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு வரும் தெரியுமா, அது என்னப் பாத்து சிரிச்சு ஒரு வருஷம் ஆச்சு. புக்மார்க்னு சேத்து வச்சது இன்னும் மோசம், எல்லாம் 'மொபைல் புக்மார்க்ஸ்'ங்கற ஒரே ஃபோல்டருக்குள்ள, அதுல பாதிக்கு தலைப்பே 'ஹோம்'.

கடைசில கண்டுபிடிச்சு குடுத்தது ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு அக்கா. அதே லிங்க்க அவங்களுக்கும் ஒரு நாள் தள்ளி விட்டிருக்கேன். திங்கக்கிழமை கேட்டதும் போன எடுத்து 'வத்தக்குழம்பு'ன்னு அடிச்சாங்க, அஞ்சு செகண்டு. லிங்க்குக்கு கீழ அவங்களே ஒரு வரி எழுதி வச்சிருக்காங்க: "வத்தக்குழம்பு ரெண்டு வகை இருக்கு, ரெண்டாவதுல புளி கம்மி, அதான் நல்லாருக்கும்". அவ்ளோதான். புத்தகத்து பேரு அவங்களுக்கும் ஞாபகம் இல்ல, எனக்கும் இல்ல, சித்திக்கும் இல்ல. குழம்பு மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, அந்த வார்த்தைய வச்சுதான் லிங்க்கு கெடச்சுது.

நான் இந்த புக்மார்க் விஷயத்துல புதுசு ஒண்ணும் இல்ல, அதான் வெக்கமா இருக்கு. லிங்க்க சேத்து வச்சு ஊரோட பகிர்ந்துக்க டெலிஷியஸ்னு ஒரு சைட்டு இருந்த காலத்துலேயே அதுல அக்கவுண்ட் வச்சிருந்தவன். அந்த சைட்ட 2003ல ஆரம்பிச்ச ஜோஷுவா ஷாக்டர் அப்ப மோர்கன் ஸ்டான்லிங்கற பேங்க்ல வேல பாத்துக்கிட்டிருந்தவரு, அதுக்கு முன்னாடி சாதா டெக்ஸ்ட் ஃபைல் ஒண்ணுலதான் லிங்க்கெல்லாம் சேத்து வச்சிருக்காரு, ஒவ்வொரு லிங்க்குக்கும் பக்கத்துல தனக்கு ஞாபகம் வர்றதுக்காக ரெண்டு மூணு வார்த்த. அந்த வார்த்ததான் பின்னாடி 'டேக்' ஆச்சு. அதாவது முதல்ல தனக்காக எழுதிக்கிட்டது, ஊருக்கு பயன்பட்டது அதோட வால் மாதிரி பின்னாடி வந்தது. ஃபோல்டர்னா ஒரு லிங்க்க பொதுவா ஒரு எடத்துலதான் போட முடியும், அந்த சமையல் புத்தகத்த 'சமையல்'ல போடுறதா 'பழைய நூல்'ல போடுறதான்னு யோசிச்சே பாதி பேரு போடாம விட்டுருவோம், டேக்குன்னா ரெண்டுமே எழுதிட்டுப் போயிடலாம். இப்பிடி ஊர்ல உள்ளவங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு பேரு வச்சு வகைப்படுத்துறதுக்கு 2004ல தாமஸ் வாண்டர் வால் 'ஃபோக்சானமி'னு பேரு வச்சாரு.

டெலிஷியஸ்ல எனக்கு ரொம்ப புடிச்ச ஒண்ணு, ஒரு லிங்க்குக்கு 'ஃபார்' போட்டு பக்கத்துல ஃப்ரெண்டோட யூசர் பேர டேக்கா போட்டா அது நேரா அவன் கணக்குல போய் உக்காந்துரும். மெயில் வேணாம், 'பாத்தியா'ன்னு போன் வேணாம். அவனுக்கு நேரம் இருக்கறப்ப பாப்பான்.

அப்பறம் நடந்த கூத்து எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2005 டிசம்பர்ல யாஹூ வாங்குச்சு, 2010 டிசம்பர்ல மூடப் போறாங்கன்னு உள்ள காட்டின ஒரு ஸ்லைடு வெளிய கசிஞ்சு ஊரே பொட்டிய கட்டுச்சு, 2011ல யூடியூப் ஆரம்பிச்சவங்கள்ல ரெண்டு பேரோட கம்பெனி வாங்கி மாத்தி எழுதுனாங்க. அப்ப ரொம்ப அடிபட்டவங்க, புடிச்ச படம், நாவல்ல வர்ற கதாபாத்திரங்கள வச்சு தாங்களே கதை எழுதுற ரசிகர் கூட்டம். அவங்க கதாபாத்திர ஜோடிய நடுவுல சாய்கோடு போட்டு டேக் பண்றவங்க, புது வெர்ஷன்ல அந்த சாய்கோடே வேல செய்யல. ஒரு தம்மாத்தூண்டு கோடுதானேன்னு நெனைக்கலாம், ஆனா அவங்க வருஷக்கணக்கா சேத்த மொத்த அடுக்கும் அந்த கோட்டு மேலதான் நின்னுச்சு. டெலிஷியஸ் மாதிரியே பின்போர்டுன்னு இன்னொரு சைட்டு நடத்துற மாசெய் செக்லோவ்ஸ்கி 'உங்களுக்கு என்ன வேணும் சொல்லுங்க'ன்னு கேட்டதுக்கு, எல்லாரும் சேந்து ஒரே கூகுள் டாக்குமெண்ட்ல பக்கம் பக்கமா எழுதிக் குடுத்தாங்க. அதே மனுஷன் 2017ல டெலிஷியஸையே 35,000 டாலருக்கு வாங்கி, புதுசா ஒண்ணும் சேக்க முடியாத மாதிரி பூட்டி வச்சாரு.

நம்ம பக்கம் கத வேற. தமிழ் வலைப்பதிவையெல்லாம் ஒரே எடத்துல திரட்டிக் காட்டுற சைட்டுங்க வந்துச்சு, 2004ல தமிழ்மணம், அப்பறம் தமிழிஷ், அதுவே பின்னாடி இன்ட்லி ஆச்சு. ஆனா அது புக்மார்க்க விட ஓட்டு மிஷினாத்தான் ஓடுச்சு. பதிவ படிச்சானோ இல்லையோ பின்னூட்டத்துல "த.ம. 4"னு, அதாவது தமிழ்மணத்துல நாலாவது ஓட்டு என்னோடதுன்னு, எழுதிட்டுப் போவான், நீயும் அவன் பதிவுல போய் எழுதணும், இல்லேன்னா அடுத்த வாரம் ஆள் வரமாட்டான். மொய் நோட்டு கணக்குதான். நானும் எழுதிருக்கேன், பொய் சொல்லல. எதுக்கு அந்த லிங்க்கு நல்லா இருக்குன்னு ஒரு வரி அதுல எங்கயும் இருக்காது, நம்பர் மட்டும்தான் இருக்கும்.

சரி, வத்தக்குழம்புக்கு வரேன். அக்கா, சித்தி, நான், மூணு பேரும் சேந்து ரெயின்டிராப்னு லிங்க்கு சேத்து வைக்கிற ஆப்ல ஒரு கலெக்‌ஷன் ஆரம்பிச்சோம். பழைய தமிழ் புத்தகம், சமையல், கோயில் வரலாறு, இதான் விஷயம். மதுரைத் திட்டம், நூலகம் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகம், இண்டர்நெட் ஆர்கைவ், இப்பிடி நாலு எடத்துல செதறிக் கெடக்குறத ஒரே எடத்துல. சட்டம் ஒண்ணே ஒண்ணுதான், ஒரு வரி எழுதாம லிங்க்கு போடக்கூடாது. சித்தி ரிட்டயர்டு தமிழ் டீச்சர், அதனால சட்டத்த அமல்படுத்துறது அவங்கதான், எழுதாம விட்டா லிங்க்கையே அழிச்சுடுறாங்க.

மொத வாரமே நான் ரெண்டு சொதப்பல் பண்ணேன். வாட்ஸ்அப், பேஸ்புக்லேருந்து எடுக்குற லிங்க்குல கேள்விக்குறிக்கு அப்பறம் அனுமார் வாலாட்டம் ஒரு குப்ப தொங்கும்ல, யாரு எங்கேருந்து வந்தாங்கன்னு கணக்கு பாக்குறதுக்கு வைக்கிறது. சுத்தம் பண்றேன் பேர்வழின்னு எல்லா லிங்க்குலயும் கேள்விக்குறிக்கு அப்பறம் இருந்தத வெட்டிட்டேன். யூடியூப் லிங்க்குல பல நேரம் வீடியோவோட அடையாளமே கேள்விக்குறிக்கு அப்பறம்தான் இருக்கும். சித்தி போட்ட எட்டு கச்சேரி வீடியோவும் யூடியூப் முகப்புல போய் நின்னுச்சு. "தம்பி, எட்டயும் ஒண்ணாக்கிட்டியே"ன்னாங்க.

ரெண்டாவது சொதப்பல் டேக்ல. ஒரு நாள் பாத்தா பக்கத்துல பக்கத்துல ரெண்டு டேக் இருக்கு, பௌத்தம், பெளத்தம். பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு, ஒண்ணுல ஆறு லிங்க்கு, இன்னொண்ணுல பதினோரு லிங்க்கு. அப்ளிகேஷன்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சு அரை நாள் மண்டய ஒடச்சுக்கிட்டேன். கடைசில என்னன்னா நான் டைப் பண்ணது ஒற்றைக்கொம்பு போட்ட பெ, அப்பறம் தனியா ஒரு ள. கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற எழுத்து. நீங்களும் ஒரு தடவ உங்க போன்ல 'கௌரி'ன்னு தேடிப் பாருங்க, இன்னொரு தடவ ளகரம் போட்டு தேடிப் பாருங்க, எவ்ளோ பேரு என் கட்சின்னு தெரியும். சித்திக்கு போன் போட்டு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"உனக்கு ஔகாரம் யாருடா சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான் சித்தி."

"அதான் கேக்குறேன்."

இன்னொண்ணு, தமிழ்ல முகவரி இருக்குற பக்கங்கள காப்பி பண்ணி ஒட்டினா சதவீதக் குறியும் எழுத்தும் நம்பருமா பாம்பு மாதிரி நீளும், பாத்திருப்பீங்க. நம்ம எழுத்து ஒவ்வொண்ணும், புள்ளி கொம்பு உட்பட, உள்ள மூணு பைட்டு, ஒவ்வொரு பைட்டும் முகவரில மூணு குறியா விரியும். 'தமிழ்'னு எழுதினா த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ஆக அஞ்சு, அது 45 குறி ஆயிடும். சித்தி அத வைரஸ்னு நெனச்சு தொடவே மாட்டேன்னுட்டாங்க. பேர் எழுதுற எடத்துல ஒழுங்கா தமிழ்ல தலைப்பு போட்டுட்டா அந்த பாம்பு உள்ளயே கெடக்கும், யாரும் பாக்க வேணாம். கூகுள் டிரைவ் லிங்க்கு போடுறவங்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள், போடுறதுக்கு முன்னாடி அனுமதி தொறந்திருக்கான்னு பாத்துட்டு போடுங்க. ராத்திரி பத்து மணிக்கு 'அனுமதி கேள்'னு ஒரு பூட்டு முன்னாடி நிக்கிற சொகம் எனக்கு போதும்.

செத்த லிங்க்கு இன்னொரு தலவலி. 2013ல இருந்த பக்கங்கள்ல 38 சதவீதம் பத்து வருஷம் கழிச்சு இல்லன்னு அமெரிக்காவுல உள்ள பியூ ஆராய்ச்சி மையம் 2024ல சொன்னாங்க, என் பழைய லிஸ்ட்ட தொறந்து பாத்தா அது கம்மியோன்னு தோணுது. அதனால இப்ப முக்கியமான பக்கம்னா இண்டர்நெட் ஆர்கைவோட வேபேக் மெஷின்ல ஒரு காப்பி எடுக்க சொல்லிட்டு அப்பறம்தான் கலெக்‌ஷன்ல சேக்குறோம், பெரும்பாலும் ரொம்ப நேரம் ஆகாது.

மாசம் ஒண்ணாந்தேதி எல்லாத்தையும் ஃபைலா எறக்கி வச்சுக்குறேன், ஏன்னா முன்னாடி நான் வச்சிருந்த ஒரு சர்வீஸ் மூடுறப்ப அனுப்புன மெயில் ப்ரோமோஷன்ஸ் டேப்ல போய் உக்காந்து, தேதி தாண்டினப்பறம்தான் பாத்தேன், ஆறு வருஷ லிங்க்கு போச்சு. பாக்கெட்னு லிங்க்கு சேத்து வைக்கிற சர்வீஸும் 2025 ஜூலைல மூடியாச்சு, கூகுள் புக்மார்க்ஸ் 2021லயே போயாச்சு. எறக்கின ஃபைல நோட்பேட்ல தொறந்து பாருங்க, வேடிக்கையா இருக்கும், மொத வரில இன்னும் நெட்ஸ்கேப்னு ஒரு பழைய பிரவுசரோட பேரு இருக்கும். நெட்ஸ்கேப்புக்கு 2008லயே பால் ஊத்தியாச்சு, ஆனா குரோம்லேருந்து எறக்குனாலும் சரி ஃபயர்ஃபாக்ஸ்லேருந்து எறக்குனாலும் சரி அந்த ஃபார்மட்தான். ஒவ்வொரு லிங்க்குக்கும் பக்கத்துல பத்து எலக்க நம்பர் ஒண்ணு இருக்கும், 1970 ஜனவரி 1லேருந்து எத்தன செகண்டுன்னு கணக்கு, 1325376000ன்னா நம்ம நேரத்துக்கு 2012 ஜனவரி 1 காலைல அஞ்சரை.

நேத்து சித்தி ஒரு தல புராணம் சேத்திருக்காங்க, நானூறு பக்கத்துக்கு மேல இருக்கும். கீழ அவங்க எழுதுன வரி: "112ஆம் பக்கத்துல நம்ம ஊர் குளம் வருது, மத்தது எனக்கே ஓடல". நான் நேரா 112க்கு போனேன். குளத்த பத்தி ரெண்டே வரிதான் இருந்துச்சு, அதுலயும் ஊர் பேர தப்பா போட்டிருக்கான். போன் பண்ணி சொன்னா, "அதுக்குத்தான்டா சேத்தேன், திருத்தி கீழ எழுதி வை"ங்கறாங்க.