வினைல் தரைக்கு அடிவிரிப்பு தேடிய கதை

சூடாக்குவதற்காகத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் அறையில், ஓரங்களை ஒன்றோடொன்று கோத்து மாட்டும் கிளிக் பூட்டு உள்ள வினைல் பலகைகளைப் பதிக்க முடிவு செய்தபோது, நிறத்தைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அடிவிரிப்புக்கு நான் ஒதுக்கவில்லை. முன்பு லேமினேட் (அழுத்திய மரநார்ப் பலகை) தரைக்கு வாங்கி மீந்திருந்த 5 மி.மீ. நுரை விரிப்பே போதும் என்று நினைத்திருந்தேன்.

நல்லவேளையாக, முதலில் ஒரு மூலையில் அதை விரித்து ஆறு பலகைகளைக் கோத்துப் பார்த்தேன். இணைப்பின் மேல் குதிகாலை ஊன்றியதும் நுரை அமுங்கி, பூட்டின் மெல்லிய நாக்கு ‘டக்’கென்று முறிந்தது. லேமினேட்டைப் போல வினைல் விறைத்து நிற்பதில்லை; அடியில் இருப்பது நெகிழ்ந்தால் அதுவும் கூடவே நெகிழ்ந்துவிடும்.

அதன் பிறகுதான் கணக்குப் போட உட்கார்ந்தேன். மீட்டரில் எடுத்த தடிமனை வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் வெப்பத்தடை, அதாவது குழாயின் சூடு மேலே வருவதை ஓர் அடுக்கு எவ்வளவு தடுக்கும் என்ற அளவு கிடைக்கும். நுரையின் கடத்துதிறனை 0.04 என்று கொண்டால் 5 மி.மீ.க்கு 0.125 வருகிறது, வினைல் பலகைக்கு ஏறத்தாழ 0.025. சூடாகும் தரையின் மேல் வரும் அடுக்குகள் அனைத்துக்கும் சேர்த்தே பொதுவாக 0.15தான் உச்சவரம்பு என்பதால், அதில் ஆறில் ஐந்து பங்கை நுரையே விழுங்கிவிடும். அடுப்பை மூட்டிவிட்டு அதன் மேல் கம்பளியைப் போர்த்துகிற வேலைதான் அது.

கடைக்காரர் மெத்தென்ற ரகங்களையே எடுத்து நீட்டினார். நான் வாங்கியது வினைலுக்கென்றே வரும், 1.5 மி.மீ. தடிமனுள்ள அடர்ந்த விரிப்பு, வெப்பத்தடை 0.01, அமுக்கத்தைத் தாங்கும் திறன் 400 கிலோபாஸ்கல் என்று உறையில் அச்சிட்டிருந்தது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், தடம் பதியவில்லை. (பலகையின் அடியிலேயே விரிப்பு ஒட்டி வரும் ரகமாக இருந்தால், இன்னொன்றைச் சேர்க்கவே கூடாது.)

மெல்லிய விரிப்பு தரையின் மேடுபள்ளத்தை மறைக்காது என்பதுதான் இதில் உள்ள சங்கடம். 2 மீட்டர் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தபோது கதவருகே 4 மி.மீ. பள்ளம் தெரிந்ததால், தானே சமன்படும் சிமென்ட் கலவையை ஊற்றி அது முழுதும் உலரக் காத்திருக்க நேர்ந்தது. விரிப்பைத் தேடியதைவிட இதற்கே அதிக நாள் பிடித்தது.

பதிக்கும் முன்பே சூடாக்கத்தை நிறுத்தி, பதித்து முடித்து 48 மணி நேரம் கழித்தே மீண்டும் இயக்கினேன். அதையும் நாளுக்குச் சில டிகிரியாகத்தான் ஏற்றினேன். வினைலின் மேற்பரப்பு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று தயாரிப்பாளரின் குறிப்பு சொல்வதால், விரிப்புக்கு அடியில் ஓர் உணரியையும் பதித்துவைத்திருக்கிறேன்.