"நான் முன்னேறியிருக்கேனா, மிஸ்?"

பள்ளி திறந்த முதல் வாரத்தில் எடுக்கும் வாசிப்பு அளவை வைத்து நான் எந்தக் குழந்தையிடமும் "முன்னேறிவிட்டாய்", "சரிந்துவிட்டாய்" என்று சொல்வதில்லை. பல ஆண்டுகளாகப் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. கோடை விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளுக்குப் பழைய வகுப்பின் கைவாகு திரும்பச் சில நாட்கள் ஆகும். அதுவரை கிடைக்கும் எண்கள் குறித்து வைத்துக்கொள்ளத்தான், தீர்ப்புச் சொல்ல அல்ல. இதை இன்றும் நம்புகிறேன். ஆனால் இந்த முறை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு நிமிட வாசிப்பு முடிந்த கையோடு, "நான் முன்னேறியிருக்கேனா, மிஸ்?" என்று கேட்டாள். "மூணு வாரம் போகட்டும்மா, சொல்றேன்" என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பதில்தான் இன்னும் மனசில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

அவளுடைய எண்கள் இரண்டும் அப்போது என் முன்னால்தான் இருந்தன. ஆண்டிறுதியில் ஒரு நிமிடத்தில் 68 சொற்கள் வாசித்திருந்தாள். பிழை 6, சரியானவை 62. பள்ளி திறந்ததும் வாசித்தவை 55. பிழை 2, சரியானவை 53. வேகத்தைப் பார்த்தால் 9 சொல் குறைவு. துல்லியத்தைப் பார்த்தால் 91 விழுக்காட்டிலிருந்து 96க்கு ஏறியிருக்கிறாள். குழந்தை வாசிக்கும்போதே பிழைகளைக் குறித்துக்கொள்ள நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே வகுத்த வாசிப்புப் பதிவு முறையில் துல்லியம் 90 முதல் 94 விழுக்காடு வரை என்றால் ஆசிரியர் துணையோடு படிக்க வேண்டிய பாடம், 95உம் அதற்கு மேலும் என்றால் தானே படித்துக்கொள்ளக்கூடிய பாடம். அந்தக் கணக்குப்படி அவள் ஒரு படி மேலே வந்திருக்கிறாள். ஒரே தாளில் ஒரு எண் இறங்கியிருக்கிறது, இன்னொன்று ஏறியிருக்கிறது.

எங்கே இறங்கினாள் என்பதும் தெரியும். போன ஆண்டு அவள் சொல்லின் முன்பாதியைப் பார்த்துப் பின்பாதியை ஊகித்துவிடுவாள். "போகவில்லை" என்று இருந்தால் "போகிறான்" என்று வாசித்து, பொருள் தலைகீழானதுகூடத் தெரியாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவாள். இந்த முறை "போகி…" என்று தொடங்கி, நின்று, திரும்பி வந்து "போகவில்லை" என்றாள். தானே திருத்திக்கொண்டால் பிழையில் சேராது. ஆனால் நேரம் போகும். ஒரு நிமிட வாசிப்பில் இப்படி ஐந்தாறு இடங்களில் நின்று திரும்பினால் பத்துச் சொல் குறைவது சாதாரணம். கடிகாரத்துக்கு அது சரிவு. வாசிப்பு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அது காத்திருந்த நாள்.

அப்படியானால் அப்போதே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

ஒரே ஒரு பத்தியை வாசிக்க வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அதே குழந்தை, அதே நாள், அதே தரத்தில் வேறு பத்தி என்றாலும் எண்ணிக்கை ஐந்து பத்துச் சொல் ஏறி இறங்கும். அதனால் மூன்று பத்திகள் கொடுத்து, கிடைக்கும் மூன்று எண்களில் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். தமிழில் இன்னொரு சிக்கல். "வீடு" என்பதும் ஒரு சொல், "அவர்களுக்காகத்தான்" என்பதும் ஒரு சொல். முன்னது இரண்டெழுத்து, பின்னது பதினொன்று. நீண்ட சொற்கள் அதிகமுள்ள பத்தியில் யாருக்குமே எண்ணிக்கை குறையும். ஆகவே பத்திகளைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்த எழுத்துகளைச் சொற்களால் வகுத்துப் பார்த்து, சராசரி ஏறக்குறைய ஒன்றாக உள்ளவற்றைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கென்று வகுத்த நிமிடக் கணக்கு அட்டவணைகளைத் தமிழ் வாசிப்போடு ஒப்பிடுவது வீண் வேலை. குழந்தையை அதே குழந்தையின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடலாம். மூன்று விநாடி தடுமாறினால் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிழையாகக் குறிக்க வேண்டும். விட்ட சொல்லும் பிழைதான். திரும்பத் திரும்ப வாசிப்பது பிழையில்லை. குறிப்பவர் இதில் ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டால் ஆண்டிறுதி எண்ணையும் ஆண்டுத் தொடக்க எண்ணையும் பக்கத்தில் வைப்பதிலேயே அர்த்தமில்லை.

இன்னொரு காரணம் மறதி பற்றியது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்டார். மறதியின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அவரைச் சொல்வார்கள். அதைவிட ஆசிரியருக்கு உதவுவது அவர் அளந்த விதம். மறந்துபோனது போலத் தோன்றும் பட்டியலை மறுபடி கற்க எவ்வளவு நேரம் குறைகிறது என்று பார்த்தார். அப்படி மிச்சமான நேரம்தான் உள்ளே மிச்சமிருப்பதன் அளவு. உளவியலாளர்கள் ராபர்ட் பியோர்க்கும் எலிசபெத் பியோர்க்கும் 1992இல் இதையே வேறு விதமாகப் பிரித்துச் சொன்னார்கள். ஒன்று எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது வேறு, இந்தக் கணத்தில் கைக்கு எட்டுகிறதா என்பது வேறு. முதல் வாரத் தேர்வு காட்டுவது பின்னதை மட்டும்.

கோடை விடுமுறையில் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் ஆண்டுதோறும் கேட்கும் பேச்சுக்கும் ஒரு அளவு உண்டு. ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் 1996இல் வட அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாக ஒரு மாதப் படிப்புக்குச் சமமான இழப்பு தெரிந்தது. அதிகம் அடிவாங்கியவை கணக்குப் போடும் படிமுறைகளும் சொற்களின் எழுத்துக்கூட்டும். பயிற்சியில்லாமல் வராதவை முதலில் போகின்றன. பின்னாளில் பால் வான் ஹிப்பல் பழைய தரவுகளையும் புதிய தரவுகளையும் வைத்துப் பார்த்து, தேர்வையும் அளவுகோலையும் மாற்றினால் அந்த இழப்பின் அளவே மாறிவிடுகிறது என்று எழுதினார். அதாவது சரிவு என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி அளக்கும் கருவியின் வேலை. இதெல்லாம் தெரிந்திருந்தும் ஒரு குழந்தையிடம் "குறைஞ்சிருக்கு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து வகுப்பு ஆசிரியை இதை ஒப்புக்கொள்ளவில்லை. "எண்ணைச் சொல்லிடுங்க டீச்சர். பசங்க தாங்குவாங்க. சொல்லாம விட்டா அந்த மூணு வாரமும் அது என்ன நினைச்சிட்டு இருக்கும்?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் "அப்புறம் சொல்றேன்" என்றால் அது கெட்ட செய்தி என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அவரே தன் வகுப்பில் முதல் வார எண்களைப் படித்துக் காட்டியபோது, வேகம் குறைந்த பிள்ளைகள் அடுத்த வாரம் மறுபடி ஊகித்து வாசிக்க ஆரம்பித்ததையும் பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு இத்தனை என்று சொன்னால் அவர்கள் நிமிடத்தைத்தான் துரத்துவார்கள். என் பயம் அதுதான். இவள் நின்று திரும்பிப் பார்க்கப் பழகியிருக்கும் நேரத்தில் 68, 55 என்று இரண்டு எண்களைக் காதில் போட்டால், நிற்பதை விட்டுவிடுவாள்.

இதற்கு நேர் எதிராக நானே அன்று நடந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். அதே வகுப்புப் பையன் ஒருவன் 402இலிருந்து 178ஐக் கழித்து 324 என்று எழுதியிருந்தான். கழித்தலில் குழந்தைகள் செய்யும் தவறுகள் தாறுமாறானவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கிறது என்று ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இலேயே பட்டியல் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 376 என்று வந்தால் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். 134 என்று வந்தால் கடன் வாங்கும்போது பூஜ்யத்தைத் தாண்டி நேராக நூறிடத்துக்குப் போயிருக்கிறான். 324 என்றால் பூஜ்யத்தை 9 ஆக்கியிருக்கிறான், நூறிடத்தில் ஒன்றைக் குறைக்கவில்லை. விடையைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் படி விட்டுப்போனது என்று தெரிந்துவிடுகிறது. "பூஜ்யத்தை ஒன்பது ஆக்குனே, சரி. அந்த நூறு எங்கே இருந்து வந்துச்சு? அங்கே குறைச்சியா?" என்றேன். "ஐயோ, நாலு மூணாகணும்" என்றான். 224 என்று எழுதினான். அடுத்த கணக்கு சரியாக வந்தது. போன வருஷம் தெரிந்ததுதான், மறந்திருந்தது, வந்துவிட்டது என்று அங்கேயே சொல்லி அனுப்பினேன். அவனை மூன்று வாரம் காத்திருக்கச் சொல்லவில்லை.

வாசிப்பும் கழித்தலும் ஒன்றல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். கழித்தலில் விட்டுப்போன படி ஒன்று, சுட்டிக்காட்டினால் கைக்கு வரும். வாசிப்பு வேகம் பல திறன்கள் கலந்தது, ஒரு நாளில் பிரித்தறிய முடியாது. சமாதானம் சரியானதுதான். ஆனால் பையன் கேட்காமலேயே பதில் பெற்றான், இவள் கேட்டும் பெறவில்லை என்பது அதனால் மாறிவிடுவதில்லை.

விடுமுறைக்கு முன் எல்லோரும் ஒரு தாள் எழுதுவார்கள். இப்போது எனக்குத் தானே என்ன செய்ய வரும், யாராவது உதவினால் என்ன வரும், திரும்பி வரும்போது எதைச் செய்து காட்டுவேன் என்று மூன்றே பகுதிகள். மூன்றாவதில் "நல்லா படிப்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதைச் சரிபார்க்க வழியில்லை. "பூஜ்யம் வர்ற கழித்தலை யார்கிட்டயும் கேக்காம போடுவேன்" என்பது சரிபார்க்கக்கூடியது. பள்ளி திறந்ததும் பழைய தாளைக் கையில் கொடுப்பதற்கு முன் முதலிரண்டு பகுதிகளைப் புதிதாக எழுத வைக்க வேண்டும். வரிசை மாறினால் பழையதைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள், அல்லது ஆசிரியருக்குப் பிடிக்கும்படி ஒரு படி கூட்டி எழுதுவார்கள். நீச்சல், சைக்கிள், தம்பியைப் பார்த்துக்கொண்டது எல்லாம் அதில் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பாடப்புத்தகத்துக்கு வெளியே வளர்ந்ததை வளர்ச்சி என்றே எண்ணமாட்டார்கள்.

அந்தப் பெண்ணின் புதிய தாளை அன்று மாலை மற்றவற்றோடு சேர்த்துத்தான் பார்த்தேன். வாசிப்புக்கு எதிரே எழுதியிருந்தாள்: "முன்ன மாதிரி வேகமா வரல. ஆனா தப்பா படிச்சா எனக்கே தெரியுது." நான் இரண்டு எண்களையும் மேரி கிளேயின் விழுக்காட்டையும் வைத்துக் கண்டுபிடித்ததை அவள் என்னிடம் வாசிக்க வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டாள். கேள்வி கேட்டபோது அவளுக்குத் தெரியாததைக் கேட்கவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். வேகம் போனதும் தெரிந்தது, கவனம் வந்ததும் தெரிந்தது. இரண்டில் எதை முன்னேற்றமென்று பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் தெரியவில்லை. அதற்குப் பதில் சொல்ல மூன்று வாரம் தேவையில்லை.

அப்படியும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவள் அப்படி எழுதாமல் இருந்திருந்தால்? ஒரே ஒரு பத்தியில் பிழை குறைந்தது தற்செயலாக இருந்திருந்தால்? "ஊகிக்கிறதை விட்டுட்டே" என்று புகழ்ந்துவிட்டு அடுத்த இரண்டு பத்திகளில் அது பொய்த்தால், அந்தப் புகழ்ச்சியை எப்படித் திரும்ப வாங்குவது?

மூன்றாம் வாரம் மூன்று பத்திகள் வாசித்தாள். நடு எண் 66, பிழை 2, சரியானவை 64. சரியாக வாசித்தவற்றில் ஆண்டிறுதி எண்ணைத் தாண்டிவிட்டாள், துல்லியம் 97. சொன்னேன், மகிழ்ந்தாள். பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் காட்டியபோது அவர் கேட்டது: "இது லீவுல வந்ததா, இந்த மூணு வாரத்துல நீங்க சொல்லிக் கொடுத்து வந்ததா?" பதில் இல்லை. சரியாக அளக்க வேண்டும் என்று காத்திருந்ததில், விடுமுறை எவ்வளவு, வகுப்பு எவ்வளவு என்று பிரிக்கும் வழியே அடைபட்டுவிட்டது. எபிங்ஹாஸைப் பின்பற்றுவதென்றால் வாரத்துக்கு ஒரு முறை அளந்து, பழைய எண் எத்தனை நாளில் திரும்புகிறது என்று பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் வார எண் என்னிடம் இல்லை.

இனி வாரந்தோறும் அளப்பது எளிது, ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் போதும். "முன்னேறியிருக்கேனா" என்று கேட்டால் எண்ணைச் சொல்லும் முன் "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்பதும் எளிதுதான். இவளைப் போன்றவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் எதைக் கேட்டாலும் "ஒண்ணும் வரல மிஸ்" என்று சொல்லும் பிள்ளைகளும் வகுப்பில் உண்டு. அவர்களிடம் கேள்வியைத் திருப்பிக் கேட்டால் இன்னும் கீழே தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும். அவர்களுக்குப் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து, முன்பு வராமல் இப்போது வரும் ஒரு வரியை விரலால் காட்டத்தான் வேண்டும், அன்றே. யார் எந்த வகை என்று புதிய வகுப்பில் முதல் வாரத்தில் தெரிவதில்லை. போன ஆண்டு ஆசிரியர் ஒப்படைத்துவிட்டுப் போகும் பதிவேட்டிலும் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.