இடைக்காட்டூரில் ஒரு முதல் வெள்ளி

அத்தை ஒன்பது முதல் வெள்ளி நேர்ந்திருந்தார். தொடர்ந்து ஒன்பது மாதம், மாதத்தின் முதல் வெள்ளியன்று பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு, நன்மை எனும் நற்கருணை வாங்க வேண்டும். இயேசுவின் திரு இருதய பக்தியில், பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ மார்கரீத் மரியாள் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. "மாப்ள, மதுரையில இல்லாத கோயிலா? ஆனா இந்த வெள்ளிக்கு இடைக்காட்டூருதான்" என்று சொல்லிவிட்டார். மறுபேச்சு ஏது?

ராமேசுவரம் சாலையில் கீழடி, திருப்புவனம், திருப்பாச்சேத்தி தாண்டி, முத்தனேந்தலில் பிரிந்து வைகையைக் கடக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலும் கருவேலமும்தான். பாலம் தாண்டியதும் ஓட்டு வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் மேலே கூர்கூராக எழுந்து நிற்கிறது திரு இருதயக் கோயில்.

1894-இல் பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சு சேசு சபைக் (ஜெசுவிட்) குரு கட்டியது. பிரான்சில் ரீம்ஸ் நகரத்துப் பேராலயம்தான் மாதிரி. திரு இருதயத்திடம் வேண்டி நோய் குணமான ஒரு பிரெஞ்சுப் பெண் நன்றிக்காகப் பணம் அனுப்பினாள் என்று ஊரில் சொல்கிறார்கள்.

'குட்டி ரீம்ஸ்' என்று பாராட்டுவது எனக்கென்னவோ குறைத்துச் சொல்வதாகப் படுகிறது. ரீம்ஸ் கல்லில் செதுக்கியது. கல் பொருந்தவில்லை என்றால் அந்த இடத்திலேயே உளியால் தட்டிச் சரிசெய்யலாம். இங்கே எல்லாம் சுட்ட மண். தூணின் மடிப்பு, வளைவின் விளிம்பு, பூ வேலை என ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. இருநூறுக்கும் மேற்பட்ட வகை அச்சுச் செங்கல் என்கிறார்கள். பச்சை மண் காயும்போதும் சுருங்கும், சூளையிலும் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் பண்ணி அச்சு வெட்டினால்தான் வளைவு கூடும். அப்படிக் கூடிய வளைவு ஒன்றின் கீழே நின்று இணைப்பைத் தேடினேன். விரல் நகம் நுழைய இடமில்லை. வரைபடம் சாமியாருடையது, சரி. மண் மிதித்தவர்கள், சூளை பார்த்தவர்கள் பெயர் எங்கே? சற்று முன்பு நாம் கடந்துவந்த கீழடியிலும் பழங்காலச் செங்கல் சுவர்கள் கிடைத்திருக்கின்றன. செங்கல் வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை.

கிறிஸ்தவமும் இந்தப் பக்கத்துக்குப் பழசு. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலிக்குப் பிறகு, ராமநாதபுரம் பக்கத்து மறவர் நாட்டில் அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ உழைத்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவரை வெட்டிக் கொன்றார்கள். 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டது. இடையில் குருக்கள் அருகிப்போன காலத்தில் பல ஊர்களில் செபத்தையும் ஞானோபதேசத்தையும் குருக்கள் அல்லாத உபதேசியார்கள்தான் காப்பாற்றி வைத்தார்கள். 1837-க்குப் பிறகு பிரெஞ்சு குருக்கள் வந்தபோது அவர்கள் வெறும் நிலத்தில் விதைக்கவில்லை. 1987-இல் சிவகங்கை தனி மறைமாவட்டம் ஆகும்வரை இந்தப் பகுதி மதுரையோடுதான் இருந்தது.

பூசை முடிந்ததும் அத்தை போய், "ஸ்தோத்திரம் சாமி" என்று கும்பிட்டார். வாசலில் பெண்கள் மெழுகுதிரி ஏற்றினார்கள். நெற்றியில் குங்குமத்தோடு வந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. இது இடைக்காட்டுச் சித்தர் ஊர் என்றும் பெயர் பெற்றது. சித்தரைப் பார்க்க வருகிறவர் இங்கும் எட்டிப் பார்ப்பார், இங்கு வருகிறவர் அங்கும் போவார்.

மரத்தடியில் ஒரு பெரியவர் பாஸ்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இயேசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே வேடம் கட்டி நடிக்கும் நாடகம். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. "யேசு வேசத்துக்கு ஆளு கெடச்சுருவாய்ங்க தம்பி. யூதாசுக்குத்தான் கெஞ்சணும்" என்றார். அத்தை சிரித்ததில் செபமாலை கைநழுவிக் கீழே விழுந்தது.

போக நினைப்பவர்களுக்கு: திரு இருதயப் பெருவிழா பெரும்பாலும் ஜூனில், ஒரு வெள்ளிக்கிழமை வரும். சப்பரம் பார்க்க ஆசை என்றால் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். சுட்ட மண் வேலையை இருட்டில் பார்த்துப் பிரயோசனமில்லை.